மோட்டார் உறுமுகிறதா? கேபிளை அளந்து பாருங்கள்

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடும் சிறு விவசாயிகள் பலருக்கு ஓடை கீழே, வயல் மேலே. வீட்டு மீட்டரிலிருந்து ஓடைக்கரை மோட்டாருக்கு 150 மீட்டர் கேபிள் இழுக்க வேண்டியிருக்கும். வீட்டில் 220 வோல்ட் காட்டும். மோட்டாரோ உறுமிவிட்டு நின்றுவிடும். அடிக்கடி காயில் கருகும். பழி மோட்டார் மீதும் மின்வாரியத்தின் மீதும் விழும். பல இடங்களில் உண்மைக் காரணம் இடையில் கிடக்கும் கேபிள்தான்.

எந்தக் கம்பியும் கரண்டைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையின் அளவு ஓம். நீளம் கூடினால் தடை கூடும், தடிமன் கூடினால் குறையும். 1000 மீட்டர் செம்புக் கம்பிக்கு, 1.5 சதுர மி.மீ. என்றால் சுமார் 13 ஓம், 2.5 என்றால் 8. 4 என்றால் 5. அலுமினியத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல்.

பலரும் சறுக்குவது நீளத்தில். சிங்கிள் ஃபேஸில் கரண்ட் ஃபேஸ் கம்பியில் போய் நியூட்ரலில் திரும்புகிறது. ஆகவே 150 மீட்டர் தூரத்துக்கு 300 மீட்டர் கணக்கு. 2.5 சதுர மி.மீ. கேபிளில் 300 × 8 ÷ 1000 = 2.4 ஓம். 1 ஹெச்.பி. மோட்டார் 7 ஆம்பியர் இழுத்தால், 7 × 2.4 = சுமார் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும்போது மோட்டார் நாலைந்து மடங்கு கரண்ட் கேட்கும். அந்த நேரச் சரிவு 50 வோல்ட்டைத் தொடலாம். உறுமாமல் என்ன செய்யும்?

1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் போனதும் இதே கணக்கில்தான். வோல்டேஜை உயர்த்திக் கரண்டைக் குறைத்தார்கள். ஓடைக்கரை விவசாயிக்கு அந்த வசதி இல்லை. கேபிளைத் தடிமனாக்க வேண்டியதுதான். 4 சதுர மி.மீ. போட்டால் ஓடும்போது சரிவு 10 வோல்ட் அளவில் நிற்கும்.

புதுக் கேபிள் வாங்கும் முன், பழையதை வயர்மேனை வைத்துச் சோதிப்பது நல்லது. மெயினை நிறுத்தி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது மறந்து மாட்டிவிட்டால் உயிர் போகும் விஷயம் இது. கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டு, கேபிளை இரு முனையிலும் கழற்றி, மோட்டார் பக்கம் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, வீட்டுப் பக்கம் மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2, 0.3 ஓமை அதில் கழிக்க வேண்டும்.

2.4-ஐ ஒட்டி வந்தால் கேபிள் பழுதில்லை, தூரத்துக்குத் தடிமன் போதவில்லை. 4, 5 என்று வந்தால் ஜாயின்ட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பனியும் இரண்டு பருவமழையும் நனைக்கும் மலையில், டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெட்டிச் சுரண்டி, கிரிம்ப் செய்து, ஈரம் புகாதபடி மூடினால் தடை இறங்கும். ஜாயின்ட்டே இல்லாமல் அதிகம் காட்டினால், கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.