நடை மட்டும்தான் தளர்கிறதா?

பட்டப்பகலில் ஒருவர் தள்ளாடி நடந்து, பேச்சும் குழறினால் ‘குடித்திருக்கிறார்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும். சிறுமூளை தேய்கிற நோயாளிகள் பலர் முதலில் சுமக்கும் பழி இதுதான். ஸ்பைனோசெரிபெல்லார் அடாக்சியா என்ற இந்த நோயின் முதல் வகை நமக்கு அந்நியமானதல்ல. ஒரு தமிழ்ச் சமூகத்தில் அது மிக அதிகமாக இருப்பதை ‘நியூராலஜி இந்தியா’ இதழ் 2005இல் வெளியிட்டது.

6ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறு அது. ஆய்வாளர்கள் ஹூடா ஸோக்பி, ஹாரி ஆர் குழுவினர் 1993இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தையில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று மருமகளைக் குத்திப் பேசுவது அநியாயம். நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில், குடும்பத்தையே தாங்குகிற பருவத்தில் தொடங்குகிறது.

தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. யோசனை தடுமாறுவது தெரிவதில்லை. சிறுமூளைக்கு உடம்பை நிலைநிறுத்துவது மட்டுமே வேலை என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் அது நெற்றிப்பக்க மூளையோடும் பின்னிக் கிடக்கிறது. சிறுமூளை பழுதானவர்களுக்குத் திட்டமிடுவதும் சொல் தேடுவதும் உணர்ச்சியை அடக்குவதும் குலைவதை ஆய்வாளர்கள் ஷ்மாமன், ஷெர்மன் இருவரும் 1998இல் தொகுத்துக் காட்டினார்கள்.

உதாரணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதையே எடுத்துக்கொள்வோம். கிளியனூரில் பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்விடலாம். கஷ்டம் பஸ்ஸில் இல்லை. பழைய சீட்டை எடுத்துவைக்க வேண்டும், சில ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டும், எந்த வரிசையில் முதலில் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டும். நேற்றைய குழம்பு வரை ஞாபகம் வைத்திருப்பவர் இங்கே திகைத்து நிற்பார். ‘எல்லாம் நினைவிருக்கு, செய்யத்தான் மனசில்லை’ என்று வீடு கோபிக்கும். அது சோம்பல் இல்லை. நினைவு தப்பாமலே, வேலையை வரிசைப்படுத்தும் திறன் குறையலாம்.

நோயை நிறுத்த மருந்து இன்னும் இல்லை. உடற்பயிற்சி சிகிச்சை நடைக்கு உதவும். யோசனைக்கு வீட்டார் உதவலாம்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது, செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவது, சொல் கிடைக்கும்வரை காத்திருப்பது. மனச்சோர்வு சேர்ந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரைப் பார்க்கும்போது நடையோடு நிறுத்தாமல், கணக்கு வழக்கில் தடுமாறுகிறாரா, முடிவெடுக்கத் திணறுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்பதையும் கூடப்போகிறவரே எடுத்துச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.