பாட்டியுடன் பார்த்த நான்கு

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். பிடித்தால் கடைசிவரை பார்ப்பேன். பிடிக்காவிட்டால் பாதியிலேயே தூங்கிவிடுவேன். இந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பாட்டி பக்கத்தில் அமர்ந்திருந்ததால் தூங்க முடியவில்லை.

முதலில் பார்த்தது அந்தோணி சென் இயக்கிய 'ஈலோ ஈலோ'. 1997 நிதி நெருக்கடியில் தவிக்கும் சிங்கப்பூர்க் குடும்பம், குறும்புக்காரச் சிறுவன், பிலிப்பீன்ஸ் பணிப்பெண். 2013ல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்ற படம். வேலை போனதை வீட்டில் மறைக்கும் அப்பாதான் என் மனத்தில் நின்றார்.

அடுத்து எரிக் கூவின் 'மை மேஜிக்'. 2008ல் கான் போட்டிப் பிரிவுக்குச் சென்ற இந்தச் சிங்கப்பூர்ப் படத்தில் பெரும்பாலும் தமிழே ஒலிக்கிறது. குடிக்கு அடிமையான முன்னாள் மந்திரவாதி, மகனுக்காக மீண்டும் வித்தை காட்டுகிறார். கதை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால், அவர் உடலை வருத்திக்கொள்ளும் காட்சிகளில் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடையில் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்று. நடனங்கள் அருமை. நகைச்சுவை மட்டும் சென்ற ஆண்டு கேட்டது போலவே இருந்தது. பாட்டி முறுக்கு பிழியப் போய்விட்டார்.

கடைசியாக, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. 2015ல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா. குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. நடுவில் ஆப்போய் என்னும் சிறுவன்.

பாதிப் படத்தில் பாட்டி மெல்லச் சொன்னார்: "என் தம்பியும் இப்படித்தான்யா போனான்."

பாட்டி பேராக்கில் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பது தெரியும். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே 17 வயதாகும் எனக்குத் தெரியாது. வீட்டில் நான் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். கேட்க நினைத்த கேள்விகளுக்குத் தமிழில் சொல் வரவில்லை. "அப்புறம், பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். படத்தை நிறுத்திவைத்தோம். லயத்து வீடு, மூடப்பட்ட தோட்டம், பட்டணத்துக்கு வேலை தேடிப்போய்த் திரும்பாத தம்பி என நள்ளிரவுவரை பேசினார்.

படங்களுக்கு மதிப்பெண் கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால், 'ஜகாட்' படத்தை வீட்டுப் பெரியவர்களோடு பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.

எங்களுக்கு இன்னும் பாதிப் படம் பாக்கி இருக்கிறது.