லில்லிபேட் ஆர்டுயினோ

லில்லிபேட் ஆர்டுயினோ என்பது ஊசி நூலால் துணியில் தைத்துப் பொருத்தத்தக்க ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை ஆகும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லியா பீக்லி இதனை வடிவமைத்தார். ஸ்பார்க்ஃபன் நிறுவனம் 2007 இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரியாதவரும், தையல் தெரிந்தால், மின்னணுக் கருவி செய்யலாம் என்பதே இதன் சிறப்பு.

பின்னணி

நுண்கட்டுப்படுத்தி என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லில் கொண்ட சிறு கணினி. இதனை மாணவர்களும் கலைஞர்களும் எளிதில் கையாள உதவும் ஆர்டுயினோ பலகை, 2005 இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாசிமோ பான்சி உள்ளிட்ட குழுவினரால் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னோடியாக அமைந்தது எர்னாண்டோ பர்ரகானின் வயரிங் திட்டம். ஆர்டுயினோவின் சுற்றுப்படம் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தமையால் பிறர் அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்க முடிந்தது. அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்றே லில்லிபேட்.

அமைப்பு

ஆங்கிலத்தில் லில்லிபேட் என்பது அல்லி இலையைக் குறிக்கும். பலகையும் வட்டமானதே, விட்டம் 50 மில்லிமீட்டர். அதன் விளிம்பைச் சுற்றி, ஊசி நுழையும் அளவு துளையுடைய 22 இதழ்கள் உள்ளன. ஒவ்வோர் இதழும் ஒரு மின்முனை. ஆர்டுயினோ ஊனோ 16 மெகாஏர்ட்சில் இயங்க, இது 8 மெகாஏர்ட்சில் இயங்குகிறது. வேகம் பாதியானாலும் 2.7 வோல்ட்டு போன்ற குறைந்த மின்னழுத்தத்திலும் இயங்கும் என்பதால், உடையில் வைக்கும் சிறு மின்கலமே போதுமானது.

நூலே கம்பி

பலகையை உணரிகளுடனும் எல்.இ.டி. விளக்குகளுடனும் இணைப்பது வெள்ளிப் பூச்சுடைய நைலான் நூல். சாதாரண ஓட்டுத் தையலே மின்சுற்று ஆகிவிடுகிறது. ஆயினும் இந்நூல் செப்புக் கம்பிக்கு ஈடாகாது. ஒரு நூலின் மின்தடை மீட்டருக்கு 50 ஓம் எனக் கொள்வோம். அதில் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஒரு மீட்டர் தொலைவு சென்றால் ஒரு வோல்ட்டு நூலிலேயே இழக்கப்படும், விளக்கு மங்கும். எனவே விளக்குகளைப் பலகைக்கு அருகில் அமைத்தல் நன்று. மின்னோடி போன்று மிகுந்த மின்னோட்டம் வேண்டுபவை இதற்கு ஒவ்வா.

மற்றொரு சிக்கல், நூலுக்குக் காப்புறை இல்லாமை. இரு நூல்கள் ஒன்றையொன்று தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். உடுத்தியவர் கையை மடக்கும்போது துணியும் மடங்கும் என்பதைத் தையலுக்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். முடிச்சுகளின் நுனி பிரிந்து அருகிலுள்ள இதழைத் தொடாதிருக்க நகப்பூச்சு இடுவர். துவைக்கும் முன் மின்கலத்தைக் கழற்றிவிடுதல் கட்டாயம்.

மிதிவண்டி மேலங்கி

பீக்லி செய்து காட்டியவற்றுள் பெயர்பெற்றது மிதிவண்டி ஓட்டுநருக்கான மேலங்கி. முதுகில் விளக்குகளால் ஆன இரு அம்புக்குறிகள். கைப்பகுதியில் இரு பொத்தான்கள். இடப் பொத்தானை அழுத்தினால் இட அம்பு மின்னும், வலத்தை அழுத்தினால் வல அம்பு. நிரல் செய்வது மிகச் சிறிதளவே: பொத்தான்களின் நிலையை இடைவிடாது படித்து, உரிய முனையை ஏற்றி இறக்குகிறது. இருளில் பின்னால் வரும் வண்டிக்கு இவர் திரும்பப் போகும் திசை தெரிகிறது. காட்சிப்பொருளாக நின்றுவிடாத படைப்பு இது.

பயன்படுத்தியோர்

2010 இல் பீக்லியும் பெஞ்சமின் மாக்கோ கில்லும் வெளியிட்ட ஆய்வு, செய்தவர்கள் வெளியிட்ட படைப்புகளை ஒப்பிட்டது. வழமையான ஆர்டுயினோ படைப்புகளில் பெண்கள் செய்தவை 2 விழுக்காடு மட்டுமே. லில்லிபேட் படைப்புகளில் அவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இரண்டுக்கும் நிரல்மொழி ஒன்றே, சில்லின் குடும்பமும் ஒன்றே. ஆகவே மின்னணுவியல் பெண்களுக்குக் கடினம் என்ற விளக்கம் இங்கு நிற்காது. பின்னர் 2012 இல் அடாஃப்ரூட் நிறுவனம் ஃப்ளோரா என்னும் தைக்கத்தக்க பலகையை வெளியிட்டது. அதுவும் வட்ட வடிவினதே.