'படு' வந்தாலே செயப்பாட்டுவினையா?

க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. பிறவினையையும் செயப்பாட்டுவினையையும் எப்படிப் பிரித்தறிவது?

இவை இரண்டு வெவ்வேறு சோடிகள். எழுவாய் தானே செய்தால் தன்வினை. பிறரைச் செய்வித்தால் பிறவினை. 'மாணவி படித்தாள்' தன்வினை. 'ஆசிரியை மாணவியைப் படிப்பித்தார்' பிறவினை. அடுத்த சோடியில், எழுவாய் செயலைச் செய்தால் செய்வினை. செயலுக்கு உள்ளானால் செயப்பாட்டுவினை. 'மாணவி பாடத்தைப் படித்தாள்' செய்வினை. 'பாடம் மாணவியால் படிக்கப்பட்டது' செயப்பாட்டுவினை.

பொறி 'படு'வில் இருக்கிறது. 'தாய் துன்பப்பட்டாள்' என்பதைக் கண்டதும் பலர் செயப்பாட்டுவினை என்று விடையளிக்கிறார்கள். அது பிழை. 'படு'வுக்கு முன்னால் நிற்பது என்ன என்று பாருங்கள். 'படிக்கப்பட்டது' என்பதில் 'படிக்க' என்ற வினை நிற்கிறது. 'துன்பப்பட்டாள்' என்பதில் 'துன்பம்' என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. ஆகவே அது செய்வினைதான். 'ஆசைப்பட்டான்', 'கவலைப்பட்டார்' ஆகியவையும் அப்படியே.

இந்த இலக்கணம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்றிருக்கிறது. 2017 முதல் வடக்கு கிழக்கில் தொடர் போராட்டம் நடத்தும் உறவுகளோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். இரண்டையும் பகுத்துப் பார்ப்போம்.

'போன' என்பது தன்வினை. போனவரே அதன் எழுவாய். வேறொருவர் அந்தச் சொல்லுக்குள் இல்லை. 'ஆகு' தன்வினை, ககரம் இரட்டித்து 'ஆக்கு' என்றானதும் பிறவினை. 'ஆக்க' என்ற வினையோடு 'படு' சேர்ந்ததும் செயப்பாட்டுவினை. அதாவது, செய்தவர் ஒருவர் இருக்கிறார். வாக்கியத்தில் அவர் சொல்லப்படவில்லை. 'யாரால்?' என்ற கேள்விக்கு அந்தச் சொல்லே இடம் வைத்திருக்கிறது.

ஊடகத்தில் எழுதும்போது இந்த இரு சொற்களையும் ஒன்றாகக் கருதி மாற்றிப் போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். உறவுகள் ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், இந்த இலக்கணத்தையே விளக்கிக் காட்டலாம். பரீட்சைக்கும் அது உதவும்.