தந்தை வழி அயர்லாந்தில். தாய் வழி எங்கே?

புது தில்லி: கொல்கத்தா, கரக்பூர், ஜபல்பூர், சென்னை பெரம்பூர் என ரயில்வேயோடு வளர்ந்த ஊர்களில் ஓபிரையன், மர்ஃபி, கெல்லி, ரயான் போன்ற குடும்பப் பெயர்களைக் கேட்கலாம். ஆங்கிலப் பெயர்கள் என்று பலரும் கருதும் இவை, அயர்லாந்துக்கு உரியவை. இப்பெயர்களைத் தாங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு, சிப்பாயாகக் கப்பலேறி வந்த ஓர் அயர்லாந்து இளைஞனிடமிருந்து தொடங்குகிறது.

வறுமையே அவர்களைப் படைக்கு அனுப்பியது. 1825 முதல் 1850 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அயர்லாந்துக்காரர்கள். கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவுதான், 1881-இல் "ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்" படையின் முதல் பட்டாலியனாக மாறியது.

தங்கள் மூதாதையர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்று தேடும் சந்ததியினரின் வழியில், டப்ளினில் மூண்ட ஒரு தீ குறுக்கே நிற்கிறது.

எரிந்துபோன ஏடுகள்

அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30-ஆம் தேதி, டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. அதன்பின் 1891 வரை எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. முழுமையாக எஞ்சியவற்றில் பழமையானவை 1901, 1911 கணக்கெடுப்புகளே.

எனினும் கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகள் அக்காப்பகத்தில் வைக்கப்படாததால் தப்பின. அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1847 முதல் 1864 வரை நடைபெற்ற "கிரிஃபித் மதிப்பீடு", நிலத்தையும் வீட்டையும் வைத்திருந்தோர் பெயர்களை ஊர்வாரியாகக் காட்டுகிறது. ஆனால், எந்த மாவட்டம், எந்தப் பங்கு என்று தெரியாமல் இவற்றில் ஒரு மர்ஃபியைத் தேடுவது, தமிழகம் முழுவதும் ஒரு முருகனைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

லண்டனில் உள்ள நகல்

ஊர்ப் பெயரைத் தருவது இந்தியப் பதிவுகளே. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இத்தொகுப்பில் சென்னையின் பதிவுகள் 1698-இல் தொடங்குகின்றன. கத்தோலிக்கர்களின் பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இதில் குறைவு. அவர்களைப் பொறுத்தவரை இந்தியாவில் உள்ள பழைய தேவாலயங்களின் மூல ஏடுகளே துணை.

தேடுவோர் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பாட்டனாரின் திருமணப் பதிவு அவருடைய தந்தையின் பெயரைத் தரும். குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு, தந்தை பணியாற்றிய படைப்பிரிவைச் சொல்லும். படைப்பிரிவு தெரிந்தால், கம்பெனியின் சிப்பாய்ப் பட்டியல்களிலோ, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஓய்வு ஆவணங்களிலோ பிறந்த இடத்தைக் காணலாம். அதன் பிறகே அயர்லாந்து ஏடுகள் பயன்படும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஓபிரையன் "பிரையன்" ஆகியிருக்கவும் கூடும்.

கடவுச்சீட்டும் குடியுரிமையும்

தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், அந்நாட்டின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் பதிந்து குடியுரிமை பெறலாம். கம்பெனிக் காலத்துச் சிப்பாய்களோ இன்றைய தலைமுறைக்கு அதைவிடப் பல படிகள் முந்தியவர்கள். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே, பெரும்பாலோருக்கு இத்தேடலின் பயன் கடவுச்சீட்டு அன்று. ஓர் ஊரின் பெயர் மட்டுமே.

எழுதப்படாத பெயர்

அந்த ஊர்ப் பெயரும் கதையின் ஒரு பாதிதான். சிப்பாய்களில் பலர் இந்தியப் பெண்களோடு குடும்பம் நடத்தினர். பழைய ஏடுகளில் தந்தையின் பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியன முறையாக உள்ளன. தாயின் இடத்திலோ பல வேளைகளில் "சுதேசிப் பெண்" என்ற குறிப்பு மட்டுமே உண்டு. அல்லது அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். மதம் மாறியபோது சூட்டப்பட்ட மேரி, அன்னா போன்ற பெயர் இருந்தாலும், அவளுடைய இயற்பெயரும் ஊரும் பெற்றோரும் தெரிய வழியில்லை.

அரசியல் சட்டத்தின் 366-ஆவது பிரிவும் ஆங்கிலோ இந்தியரைத் தந்தை வழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. சம்பளமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டியிருந்ததால் சிப்பாயின் ஊரைக் கம்பெனி எழுதி வைத்தது. அவனுடைய மனைவியின் ஊரை எழுதி வைக்கக் கம்பெனிக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

இதனால், ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அயர்லாந்துக் கிராமத்தைக் கண்டறிந்த குடும்பங்கள்கூட, பக்கத்து மாவட்டத்தில் இருந்திருக்கக்கூடிய தாய் வழி ஊரை அறியாமல் நிற்கின்றன. ஏடுகள் சொல்லாததை வீட்டு முதியவர்களின் நினைவே ஓரளவு சொல்லக்கூடும். தீயில் அழிந்த ஏடுகளுக்காவது சில நகல்கள் கிடைக்கின்றன. முதியவர்களின் நினைவுக்கு நகல் இல்லை. அதை எழுதி வைப்பதே இத்தேடலின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.