கோமாதாவுக்கு ஏற்ற நைவேத்தியம்

கர்நாடக எல்லையை ஒட்டி, கடல்மட்டத்திற்கு வெகு உயரத்தில் அமைந்த குளிர்ச்சியான ஊர் தளி. 'லிட்டில் இங்கிலாந்து' என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பெயர் பெற்றது. வெப்பம் மிகுந்தால் கலப்பினப் பசுக்களின் பால் குறையும். ஆகவே இம்மேட்டு நிலம் கறவைத் தொழிலுக்கு இயற்கை அளித்த கொடை. அருகிலுள்ள ஓசூர் மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டு குதிரை வளர்ப்புக்காகத் தொடங்கப்பெற்ற பண்ணை, இன்று 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. சிவப்பு சிந்திப் பசுக்களுக்குப் பெயர்பெற்ற பண்ணை அது.

ஓசூர் மலைமேல் எழுந்தருளியுள்ள சந்திரசூடேஸ்வரருக்கும், நம் ஊர்ச் சிவாலயங்கள் அனைத்திலும் உறையும் பெருமானுக்கும் பாலாபிஷேகம் செய்கிறோம். அப்பால் சுரக்கும் விதத்தை அறிந்துகொள்வதும் பக்தியின் ஒரு பகுதியே.

சேய்ஞலூரில் பசுவை அடித்த இடையனைக் கண்டு மனம் வருந்திய விசாரசருமர், தாமே ஆநிரை மேய்க்கும் பொறுப்பை ஏற்றார். அவர் அன்பில் மகிழ்ந்த பசுக்கள் தாமாகவே பால் பொழிந்தன என்பது சண்டேசுர நாயனார் வரலாறு. மடியை மென்மையாகத் தொடும்போதும், கன்று முட்டும்போதும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு நீர் பாலை இறங்கச் செய்கிறது. அச்சமும் அடியும் அதைத் தடுக்கின்றன என்கிறது இன்றைய கால்நடை அறிவியல்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் கன்றுக்குச் சீம்பால் ஊட்ட வேண்டும்; நோயைத் தடுக்கும் ஆற்றல் தாயிடமிருந்து கன்றுக்குச் செல்லும் வழி அதுவே. சுமார் பத்து மாதம் கறந்தபின், அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் மடிக்கு ஓய்வளிப்பது முறை. பாலில் பெரும்பகுதி நீரே. எனவே தொட்டியில் நாள் முழுதும் தூய நீர் இருத்தல் அவசியம்.

பக்தர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் செரிக்கச் செய்கின்றன. அமாவாசையன்றும் மாட்டுப் பொங்கலன்றும் ஒருவர்பின் ஒருவராகச் சோறு, சர்க்கரைப் பொங்கல், ஊறிய அரிசி என்று ஊட்டினால், அவை விரைந்து புளித்து வயிற்றில் அமிலம் பெருகும். பசு அசைபோடாது, தீவனம் எடுக்காது, வயிறு உப்பும், சில வேளை உயிரே போகும். பிளாஸ்டிக் பையோடு எறியப்படும் பழமும் அவ்வாறே. பை வயிற்றிலேயே தங்கிவிடும்.

அன்புடன் அளிப்பதே ஆபத்தாகலாமா? ஒரு கைப்பிடி அகத்திக்கீரை, ஒரு கட்டுப் பசும்புல், ஒரு வாளி நீர் போதும். திருக்கோயில் கோசாலைக்குப் பசுவைத் தானம் செய்ய எண்ணுவோர், அதன் தீவனத்திற்கும் மருத்துவத்திற்கும் சேர்த்துப் பொருள் ஒதுக்குவதே நிறைவான கோதானம். கோசாலைப் பொறுப்பாளரிடம், "இன்று எது தேவை?" என்று கேட்டு வழங்குங்கள். பசுவின் வயிறு குளிர்ந்தால் கன்றும் பிழைக்கும்; பெருமானுக்குப் பாலும் குறையாது.