களிமண் சுங்கானின் காலம்

பழைய புகையிலைச் சுங்கானின் காலத்தை அறிவது எங்ஙனம்? இங்கிலாந்தில் வெள்ளிப்பூண் இட்ட மரச்சுங்கானாயின், பூணிற் பொறித்த ஆண்டெழுத்துக் காட்டிக் கொடுக்கும். ஆயினும் அது பூணின் வயதேயன்றி மரத்தின் வயதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் புகைத்த வெண்களிமண் சுங்கானுக்கோ, அதன் காம்பிலுள்ள துளையே சான்று.

இச்சுங்கான் மலிவானது, எளிதில் உடைவது. ஆகலின் செய்த சில ஆண்டுகளிலேயே குப்பையை அடையும். மண்ணுள் மிகுதியாகக் கிடைப்பன எழுத்தில்லாத காம்புத் துண்டுகளே. காலஞ் செல்லச் செல்லக் காம்பு நீண்டது. ஈரக் களிமண்ணிற் செலுத்திய கம்பியும் அதற்கேற்ப மெலிந்தது என்பர். அமெரிக்க அகழ்வாய்வாளர் ஹாரிங்டன், துரப்பண அலகுகளைத் துளையிற் செருகி அளந்து, 1954இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். அங்குலத்தை 64 கூறாக்கின், 1620 முதல் 1650 வரை செய்தவற்றுட் பெரும்பாலனவற்றின் துளை 8 கூறு. 1680 முதல் 1710 வரை 6. 1750 முதல் 1800 வரை 4. ஒரு துண்டைக் கொண்டு துணிதல் தகாது, பல வேண்டும்.

1962இல் பின்ஃபோர்டு இதனைச் சூத்திரமாக்கினார். துளைகளின் சராசரிக் கூற்றை 38.26ஆற் பெருக்கி, வந்ததை 1931.85இலிருந்து கழித்தால் ஆண்டு வரும். (துளையே இல்லாத சுங்கானுக்கும் 1931 என்று விடை வரும்! உண்மையில் ஏறக்குறைய 1780க்குப் பின் இக்கணக்குப் பயன்படாது.) இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரு குழியில் 8 கூற்றுத் துளைகளும் 4 கூற்றுத் துளைகளும் சம எண்ணிக்கையிற் கிடப்பின், சராசரி 6, விடை 1702. அவ்வாண்டில் அங்கே ஒருவரும் குடியிராமலிருந்திருக்கலாம். ஆதலின் கணக்கிடுமுன், எவ்வளவுத் துளை எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரு குவியல்கள் தோன்றின் இரு காலங்கள் எனக் கொள்க.